அரிய பெயர் வைக்கும்போது: எவ்வளவு அரிது, எப்படிச் சொல்வார்கள்?

குழந்தைக்கு அதிகம் புழங்காத ஒரு பெயரை மனதில் வைத்திருக்கும் பெற்றோருக்கு இரண்டு கேள்விகள் எழும். இந்தப் பெயர் உண்மையிலேயே அரிதா, இல்லை நம் காதுக்கு மட்டும்தான் புதிதா? பார்ப்பவர்கள் இதைச் சரியாகச் சொல்வார்களா? பெரும்பாலானோர் இவற்றைத் தனித்தனிக் கேள்விகளாகவே பார்க்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. அந்தப் பின்னல் புரிந்துவிட்டால் பெயர்த் தேர்வில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

'கார்த்திக்' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நாம் யாரும் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. ஆங்கில எழுத்தில் ஒரு எச் கூடினாலும் குறைந்தாலும், கடைசியில் கே வந்தாலும் சி.கே. வந்தாலும் வாய் தானாகக் 'கார்த்திக்' என்றே சொல்லிவிடும். காரணம், அந்தப் பெயரை நூறு முறை கேட்டிருக்கிறோம். கண் எழுத்துகளைப் பார்க்கிறது, ஒலி நினைவிலிருந்து வருகிறது. அரிய பெயருக்கு இந்த உதவி கிடைக்காது. முதல்முறை பார்ப்பவரிடம் அதைக் கேட்ட நினைவே இல்லை. கையில் இருப்பது எழுத்து மட்டும்தான். பெயர் எவ்வளவு அரிதோ, அவ்வளவுக்கு உச்சரிப்பின் சுமை முழுவதும் எழுத்தின் தலையில் விழுகிறது.

அரிது என்பதை எப்படி அளப்பது?

பெயர்களின் புழக்கத்தை அளப்பதில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பட்டியல். குழந்தைகளுக்கான சமூகப் பாதுகாப்பு எண் கேட்டு வரும் விண்ணப்பங்களிலிருந்து பெயர்களை எண்ணி ஒவ்வோர் ஆண்டும் வெளியிடுகிறார்கள். 1880-இல் பிறந்தவர்களிலிருந்து தொடங்குகிறது அந்தத் தரவு. ஓர் ஆண்டில் 5 குழந்தைகளுக்குக் குறைவாக வைக்கப்பட்ட பெயர்கள் பட்டியலில் வராது. தனிநபரை அடையாளம் காண முடியாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கு அங்குள்ள புள்ளியியல் அலுவலகம் இதேபோல ஒரு பட்டியல் தருகிறது. அங்கே வரம்பு 3. ஆகவே ஒரு பெயர் பட்டியலில் இல்லை என்பதற்கு யாருமே வைக்கவில்லை என்று பொருளில்லை. அந்த ஆண்டில், அந்த எழுத்துக்கூட்டலில், வரம்பைத் தொடவில்லை என்றுதான் பொருள்.

பட்டியலைப் பார்ப்பவர்கள் முதலில் தேடுவது தரவரிசை எண்ணை. உண்மையில் அது நம்பகமான அளவுகோல் இல்லை. அமெரிக்காவில் 1880 முதல் 1946 வரை பெண் குழந்தைகளின் பெயர்களில் மேரிதான் முதலிடம். 1947-இல் லிண்டா அதை முந்தியது. அந்த ஆண்டு பிறந்த பெண் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் மேல் லிண்டாக்கள். இப்போதும் ஒரு பெயர் முதலிடத்தில் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதைப் பெறுபவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். பெற்றோர் முன்னைவிடப் பலவிதமான பெயர்களை வைக்கிறார்கள்; அதனால் முதலிடத்தின் கனமே குறைந்துவிட்டது. 'இந்தப் பெயர் முதல் பத்தில் இருக்கிறது, வேண்டாம்' என்று ஒதுக்குவதற்கு முன்னால், எத்தனை பேரில் ஒருவருக்கு அந்தப் பெயர் என்று பாருங்கள். விகிதம்தான் பேசும், வரிசை எண் பேசாது.

விகிதத்தை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். நூறில் ஒருவருக்கு இருக்கும் பெயர் என்றால், வேறு 30 குழந்தைகள் உள்ள வகுப்பில் உங்கள் குழந்தையின் பெயரில் இன்னொருவராவது இருப்பதற்கான வாய்ப்பு சுமார் 26 சதவீதம். ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் பெயர் என்றால் அது 3 சதவீதமாகச் சுருங்கிவிடும். பத்தாயிரத்தில் ஒருவர் என்றால் வகுப்பை விடுங்கள், 500 பேர் இருக்கும் கூட்டத்தில்கூட வாய்ப்பு 5 சதவீதத்தைத் தொடாது. ஆயிரத்தில் ஒன்றுக்கும் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் உள்ள வேறுபாடு அன்றாட வாழ்க்கையில் அவ்வளவாகத் தெரியாது என்பது என் கருத்து. வகுப்பில் இன்னொருவர் இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் ஆசையென்றால், ஆயிரத்தில் ஒன்றே போதும். அதற்கு மேல் அரிதாகத் தேடத் தேட, உச்சரிப்புச் சிக்கல்தான் கூடும்.

எழுத்துக்கூட்டல் இந்தக் கணக்கைக் குழப்பும். இந்தப் பட்டியல்கள் ஒரே பெயரின் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களைத் தனித்தனிப் பெயர்களாகவே எண்ணுகின்றன. முகம்மது என்ற பெயருக்கு ஆங்கில எழுத்தில் பல வடிவங்கள் உண்டு. இங்கிலாந்து, வேல்ஸில் 2023-இல் பிறந்த ஆண் குழந்தைகளின் பெயர்களில் அவற்றுள் ஒரே ஒரு வடிவம், மற்றவற்றைச் சேர்க்காமலேயே, முதலிடத்துக்கு வந்தது. எல்லா வடிவங்களையும் கூட்டினால் எண்ணிக்கை இன்னும் பெரிது. நேர்மாறாகவும் நடக்கும்: பட்டியலில் அரிதாகத் தெரியும் ஒரு பெயர், ஐந்தாறு எழுத்துக்கூட்டல்களில் சிதறிக் கிடக்கும் சாதாரணப் பெயராக இருக்கலாம். காதுக்கு எழுத்துக்கூட்டல் தெரியாது. வாசலில் நின்று கூப்பிட்டால் எல்லா வடிவக்காரர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இந்தியாவில் இப்படி நாடு முழுவதற்கும் அதிகாரபூர்வமான பெயர்ப் பட்டியல் வெளியாவதில்லை. ஜெர்மனியில்கூட அரசுப் பட்டியல் கிடையாது. ஜெர்மன் மொழிச் சங்கம் என்ற அமைப்பு பதிவு அலுவலகங்களிலிருந்து தரவு திரட்டி 1977 முதல் வெளியிட்டு வருகிறது. பட்டியல் இல்லாத இடத்தில் பெயர் இணையதளங்கள் காட்டும் 'பிரபலம்' என்ற அளவை நம்பிவிட வேண்டாம். அது பெரும்பாலும் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைச் சொடுக்கினார்கள் என்பதன் கணக்கு. அரிய பெயர் என்று பலரும் தேடித் தேடிப் பார்ப்பதாலேயே அது பிரபலமாகத் தெரியலாம். வாக்காளர் பட்டியலும் உதவாது, அதில் இருப்பவர்கள் எல்லாம் குறைந்தது 18 ஆண்டுகளுக்கு முன் பெயர் பெற்றவர்கள். உங்களுக்கு வேண்டியது இந்த மூன்று நான்கு ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளின் பெயர்கள். மழலையர் பள்ளியில் வேலை செய்பவர்களையோ குழந்தை மருத்துவரின் வரவேற்பறையில் இருப்பவர்களையோ கேட்டுப் பாருங்கள். 'இந்தப் பெயர் இப்போது நிறைய வருகிறது' என்று அவர்கள் சொன்னால் அது எந்த இணையதளத்தையும்விட நம்பத்தக்கது.

இன்று அரிது, நாளை?

நெவேயா என்ற பெயரின் கதை இதற்கு நல்ல பாடம். ஆங்கிலத்தில் சொர்க்கத்தைக் குறிக்கும் 'ஹெவன்' என்ற சொல்லின் எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதலாகத் திருப்பிப் போட்டு உருவாக்கிய பெயர் அது. 1999-இல் அமெரிக்கா முழுவதிலும் 8 பெண் குழந்தைகளுக்குத்தான் அந்தப் பெயர் வைக்கப்பட்டது. 2000-இல் சன்னி சாண்டோவல் என்ற ராக் பாடகர் தன் மகளை அந்தப் பெயரால் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அறிமுகப்படுத்தினார். அந்த ஆண்டு எண்ணிக்கை 86 ஆனது, அடுத்த ஆண்டு ஆயிரத்தைத் தாண்டியது. 2005-இல் நான்காயிரத்துக்கும் மேல். 2010 வாக்கில் முதல் முப்பது பெயர்களுக்குள் வந்துவிட்டது, பிறகு இறங்கத் தொடங்கியது.

2000-இல் அந்தப் பெயரை வைத்த பெற்றோர் அரிய பெயர் என்று நினைத்துத்தான் வைத்திருப்பார்கள். அவர்கள் பார்த்த எண்ணிக்கை சரி, பார்க்காமல் விட்டது அது போகும் திசையை. ஒரு பெயர் எங்கே நிற்கிறது என்பதைவிட எந்த வேகத்தில் ஏறுகிறது என்பது முக்கியம். ஜோனா பெர்கர், கேல் லெ மென்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய நாடுகளின் நீண்டகாலப் பெயர்த் தரவுகளை ஆராய்ந்து 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேகமாக ஏறும் பெயர்கள் வேகமாக இறங்குகின்றன என்பது அதன் முடிவு. சட்டென்று எல்லோரும் வைக்கத் தொடங்கும் பெயரை அடுத்து வரும் பெற்றோர் 'இது ஒரு அலை' என்று உணர்ந்து விலகுகிறார்கள். அப்புறம் அந்தப் பெயர் பிறந்த ஆண்டைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாக ஆகிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெயர்கள் தனியாக ஏறுவதில்லை, ஒலிக் குடும்பமாக ஏறுகின்றன. அமெரிக்காவில் எய்டன் ஏறியபோது ஜேடன், பிரேடன், ஹேடன் எல்லாம் கூடவே ஏறின. நம்மிடமும் யாழினி, யாழிசை, யாழ்மொழி என்று ஒரு குடும்பம் இருக்கிறது. 'யாழ்மொழி' தனியாகப் பார்த்தால் அரிதுதான். ஆனால் வீட்டிலும் வகுப்பிலும் அது 'யாழ்' என்று சுருங்கும்போது, மூன்று பேர் ஒரே பெயருக்குத் திரும்புவார்கள். அரிதா என்று பார்க்கும்போது முழுப் பெயரோடு, அது எப்படிச் சுருங்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எழுத்திலிருந்து வாய்க்கு

நெவேயாவுக்கு உச்சரிப்பிலும் ஒரு சிக்கல் இருந்தது. எழுத்துகளைத் திருப்பிப் போடலாம், ஒலியைத் திருப்ப முடியாது. அந்த எழுத்து வரிசையை ஆங்கிலத்தில் எப்படிப் படிப்பது என்று எந்த விதியும் சொல்லவில்லை. முதலில் பார்த்தவர்கள் திணறினார்கள். பெயர் பரவிய பிறகு திணறல் குறைந்துவிட்டது. எழுத்து மாறவில்லை, கேட்ட நினைவு வந்து சேர்ந்துகொண்டது.

ஐரிஷ் பெயர்கள் இதன் மறுபக்கம். ஷிவான் என்ற பெயரை அதன் எழுத்துகளை வைத்து ஆங்கில வழக்கப்படி படித்தால் 'சியோபான்' என்று வரும். நீவ் என்ற பெயரை 'நியாம்' என்று படிப்பார்கள். ஐரிஷ் மொழியில் இவை இரண்டும் விதிப்படி எழுதப்பட்ட பெயர்கள். பி-யோடு எச் சேர்ந்தாலும், எம்-மோடு எச் சேர்ந்தாலும் அங்கே 'வ' போன்ற ஒலி கிடைக்கும். எஸ்-க்குப் பக்கத்தில் ஐ வந்தால் 'ஷ' ஆகும். அயர்லாந்தில் ஒரு குழந்தைகூட இதில் தடுமாறாது. ஆகவே 'உச்சரிக்கக் கடினமான பெயர்' என்று பொதுவாக ஒன்று இல்லை. எந்த மொழியின் விதியால் எழுதி, எந்த மொழியின் விதியால் படிக்கிறார்கள் என்பதில்தான் கடினம் இருக்கிறது.

தமிழ்ப் பெயர்கள் இந்தத் தாண்டலை இரண்டு இடங்களில் செய்ய வேண்டியிருக்கிறது.

முதல் இடம் தமிழ் எழுத்தே. க, ட, த, ப ஆகிய எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிகள் உண்டு. இடத்தைப் பார்த்து ஒலியைக் கண்டுகொள்கிறோம்: சொல்லின் முதலில் வல்லொலி, மெல்லின எழுத்துக்குப் பின்னால் அதிரும் ஒலி, இரட்டித்தால் மறுபடி வல்லொலி. 'கங்கை' என்று எழுதினால் முதல் க ஒரு மாதிரியும் இரண்டாவது வேறு மாதிரியும் ஒலிப்பது இதனால்தான். தமிழ்ச் சொல்லால் ஆன பெயர்களுக்கு இந்த ஏற்பாடு கச்சிதமாகப் பொருந்தும். மகிழன், நிலவன், ஆதிரை, இளவேனில் என்ற பெயர்களைத் தமிழில் எழுதிக் காட்டினால் யாரும் தவறாகப் படிக்க வழியில்லை. சிக்கல் வருவது பிற மொழிப் பெயர்களில். 'கியான்' என்று எழுதினால் முதல் ஒலி வன்மையா மென்மையா என்று எழுத்து சொல்லாது. 'திவ்யா'வில் இந்தக் குழப்பம் வருவதில்லை, காரணம் கேட்ட நினைவுதான். பழக்கமில்லாத 'தியா'வில் வந்துவிடும்.

இது புதிய பிரச்சினையும் இல்லை. ர, ல ஆகியவை சொல்லின் முதலில் வராது என்பது பழைய இலக்கண விதி. அதனால் ராமன் இராமன் ஆனான், ரங்கன் அரங்கன் ஆனான். கம்பர் லக்ஷ்மணனை இலக்குவன் என்றும் விபீஷணனை வீடணன் என்றும் எழுதினார். பெயரைத் தமிழ் வாய்க்கு ஏற்ப மாற்றி, எழுத்தும் ஒலியும் பிசகாமல் பொருந்தும்படி செய்துகொண்டார்கள். வெளியிலிருந்து ஒரு பெயரை விரும்பி எடுப்பவர்களுக்கு இந்த வழி இன்றும் திறந்திருக்கிறது, அதைப் பயன்படுத்துபவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இரண்டாவது இடம் ஆங்கில எழுத்து. இங்கேதான் அதிகச் சேதம். குறில் நெடில் வேறுபாடு முதலில் போய்விடும். நிலாவும் நீலாவும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். 'த' என்ற ஒலிக்கு நாம் டி-யோடு எச் சேர்த்து எழுதுகிறோம். அதைத் தென்னிந்தியப் பெயர்களுக்குப் பழகிய கண் சரியாகப் படிக்கும், வட இந்தியக் கண் அதில் ஒரு மூச்சொலியைக் கூடுதலாகச் சேர்க்கும், ஆங்கிலேயக் கண் 'திங்க்' என்ற சொல்லில் வரும் உரசொலியாகப் படிக்கும். மூவரும் அவரவர் விதிப்படி சரியாகத்தான் படிக்கிறார்கள்.

ழகரம் தனிக் கதை. தொல்காப்பியம் ரகரத்தையும் ழகரத்தையும் ஒன்றாகச் சேர்த்து, நாவின் நுனி மேலே எழுந்து அண்ணத்தை வருடப் பிறப்பவை என்கிறது. மலையாளத்திலும் இவ்வொலி உண்டு. ஆங்கில எழுத்தில் அதற்கு இசட், எச் இரண்டையும் சேர்த்து எழுதும் வழக்கம் நிலைத்துவிட்டது. ஆனால் ரஷ்ய மொழியின் ஓர் உரசொலிக்கும் அதே இரண்டு எழுத்துகள்தான். சீனப் பெயர்களில் அவை 'ஜ'வை ஒத்த இன்னோர் ஒலி. அகராதிகளில் அடிக்கோடிட்ட எல், யூனிகோடு பட்டியலில் மூன்று எல்-கள் என்று வேறு குறிகளும் உண்டு. ஆக, யாழினி என்ற பெயரை வெளியூரில் ஒருவர் முதல்முறை பார்க்கும்போது அந்த மெல்லிய நடு ஒலியைக் கண்டுபிடிக்க அவருக்கு எந்த வழியும் கிடையாது. அவர்மேல் பழி போட முடியாது. தமிழ் பேசுபவர்களிலேயே பலர் யாளினி என்றுதான் சொல்கிறார்கள், சில இடங்களில் அது யகரமாகவும் மாறும்.

இதைக் காட்டி ழகரப் பெயர் வைக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அது போன்ற அழகான ஒலியை ஒரு குழந்தையின் பெயரில் வைப்பது அந்த ஒலியையும் வாழவைக்கும். ஆனால் தெரிந்து வைக்க வேண்டும். குழந்தை தன் பெயரைப் பல முறை திருத்திச் சொல்ல வேண்டியிருக்கும்.

அரிதாகவும் எளிதாகவும்

அரிய பெயர் என்றாலே கடினமான பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். லஹாம், கோவல், ஆல்டர் என்ற மூவர் 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, எளிதில் உச்சரிக்கக்கூடிய பெயர் உள்ளவர்கள்மேல் மற்றவர்களுக்குச் சற்றுக் கூடுதல் நல்லெண்ணம் ஏற்படுவதாகக் கண்டது. அதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி வேறு. பெயரின் நீளம், அரிதாக இருப்பது, அயல்மொழியாக இருப்பது ஆகியவற்றைச் சார்ந்து அந்த விளைவு வரவில்லை. அதாவது அரிதாக இருப்பதும் எளிதாக இருப்பதும் சேர்ந்தே இருக்க முடியும். நிலவன், மலரவன், இனியா, மீரன் போன்ற பெயர்கள் அதிகம் புழங்காதவை, ஆனாலும் யார் வாயிலும் பெரிதாகச் சிதையாது. ம, ந, வ, ல போன்ற ஒலிகள் பெரும்பாலான மொழிகளில் இருப்பதுதான் காரணம்.

உங்கள் மனதில் இருக்கும் பெயரைச் சோதிக்க இரண்டு வழிகள் போதும். அந்தப் பெயரைக் கேட்டிராத ஒருவரிடம் எழுதிக் காட்டி, உதவி செய்யாமல், படிக்கச் சொல்லுங்கள். இன்னொருவரிடம் தொலைபேசியில் ஒருமுறை சொல்லி, எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இரண்டும் சரியாக வந்தால் கவலையில்லை. படிப்பது மட்டும் பிசகினால் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றிப் பார்க்கலாம். எழுதுவது மட்டும் பிசகினால் பெயர் தப்பாமல் ஒலிக்கும், ஆனால் சான்றிதழ்களில் எழுத்துப்பிழை வந்துகொண்டே இருக்கும். எது பெரிய தொல்லை என்பதை ஒவ்வொரு குடும்பமும்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டுமே பிசகினால், அந்தப் பெயர்மேல் உங்களுக்கு இருக்கும் ஆசை அவ்வளவு ஆழமானதா என்று மறுபடி யோசிப்பது நல்லது.

எழுத்துக்கூட்டலை ஒருமுறை முடிவு செய்தால் எல்லா ஆவணத்திலும் அதையே எழுதுங்கள். எண்சோதிடத்துக்காக ஒரு எழுத்தைக் கூட்டும் வழக்கம் இருப்பவர்கள், அந்தக் கூடுதல் எழுத்து படிப்பவரை எந்தப் பக்கம் இழுக்கும் என்றும் பார்த்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட்டில் இயந்திரம் படிக்கும் வரியில் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கு மட்டுமே இடம். பெயருக்கென்று மொத்தம் 39 இடங்கள். எழுத்தின் மேல் போடும் கோடும் புள்ளியும் அங்கே வராது. ஐரிஷ் ஷிவானும் நம் யாழினியும் அந்த வரியில் ஒரே மாதிரி நகை கழற்றி நிற்க வேண்டியவர்கள்தான்.

சரியான உச்சரிப்பு எது என்று சர்ச்சை வந்தால்? சர்ஷா ரோனன் என்ற ஐரிஷ் நடிகையின் பெயரை அயர்லாந்திலேயே பலர் 'சீர்ஷா' என்கிறார்கள். அவர் தன்னைச் சர்ஷா என்றே சொல்லிக்கொள்கிறார், உலகமும் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டது. பெயரை வைப்பது பெற்றோர், அதன் ஒலியை நிலைநிறுத்துவது அதைச் சுமப்பவர். பள்ளியில் சேர்க்கும் முன்பே குழந்தைக்குத் தன் பெயரைத் தெளிவாகச் சொல்லவும், யாராவது தவறாகச் சொன்னால் கூச்சப்படாமல் ஒருமுறை திருத்தவும் சொல்லிக்கொடுங்கள். ஆசிரியரிடம் நீங்களே முதல் நாளில் சொல்லிக் காட்டிவிடுங்கள். வருகைப் பதிவேட்டில் பெயரைத் தமிழிலும் எழுதிவைக்கச் சொன்னால் தமிழ் தெரிந்த ஆசிரியருக்கு அதுவே போதும்.